இணைய வகுப்பு எங்கே தடுமாறுகிறது? நெல்லைச் சீமைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொரோனா ஓய்ந்ததும் இணைய வகுப்பும் ஓய்ந்துவிடும் என்று எண்ணியவர்கள் பலர். அது ஓயவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆட்சியர் மழை விடுமுறை அறிவிக்கும் நாட்கள், தொலைநெறிக் கல்வி மாணவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஆய்வு செய்பவர்கள், மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்கள் என்று ஏதாவது ஒரு வழியில் அது வந்துகொண்டே இருக்கிறது. 1990-ல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருப்பது அபிஷேகப்பட்டியில்; அதன் இணைவுக் கல்லூரிகளோ நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. பாளையங்கோட்டையில் ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்திருப்பவரும், பாபநாசம் மலைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் சிக்னலைத் தேடுபவரும், உவரிக் கடற்கரைக்காரரும் ஒரே வருகைப் பதிவேட்டில் இருப்பார்கள்.

அந்தப் பதிவேட்டில் மிக மெலிந்த இணைப்பு யாருக்கோ, அவரை வைத்தே பாடத்தை அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பரிகாரங்கள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன்: கோளாறு யாருக்கு?

"சார், ஒண்ணும் கேக்கல" என்று ஒரு குரல் வந்ததுமே பல ஆசிரியர்கள் வெளியேறி மறுபடி உள்ளே வருகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கலைந்துவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்குக் கேட்கவில்லை?

எல்லோருக்கும் வெட்டினால் கோளாறு உங்கள் பக்கம், அதாவது உங்கள் குரலும் படமும் வெளியே போகும் பதிவேற்ற வேகத்தில். ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கைபேசியிலோ டேட்டாவிலோ. களக்காட்டுப் பக்கத்து மாணவர்கள் நால்வரும் ஒன்றாக மறைந்தால் அந்தப் பகுதியின் டவரில், அல்லது அங்கே மின்சாரம் போயிருக்கிறது. அரட்டைப் பெட்டியில் "கேட்டால் 1, கேட்காவிட்டால் 2" என்று தட்டச்சு செய்யச் சொன்னால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். பேசிக் கேட்க வேண்டாம். கேட்காதவருக்கு அந்தக் கேள்வியும் கேட்காது.

எல்லோருக்கும் குரல் வெட்டி வெட்டிப் போகிறது

வேகச் சோதனைச் செயலியைத் திறந்தால் கண்ணில் பெரிதாகப் படுவது பதிவிறக்க வேகம். ஆசிரியருக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். முதலாவது 30 மெகாபிட் காட்டும்போதே இரண்டாவது அரை மெகாபிட்டில் கிடந்து தவிக்கலாம். அப்படியானால் உங்கள் முகத்தை நிறுத்துங்கள். ஜூம் நிறுவனம் தரும் கணக்கின்படி குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். முகப்படம் இல்லாத திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75 போதும். நல்ல தரத்தில் முகம் தெரிய வேண்டுமானால் 600 வேண்டும். குரலும் ஒரு ஸ்லைடும் சேர்ந்தே முகத்துக்கு ஆகும் செலவில் ஏறத்தாழக் கால் பங்குதான். வகுப்புத் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் முகம் காட்டி நலம் விசாரியுங்கள், பிறகு மூடிவிடுங்கள்.

வேகம் நன்றாக இருந்தும் வெட்டினால் வீட்டுக்குள் பாருங்கள். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து அக்கிரகார வீடுகளில் மோடம் வாசல் பக்கம் இருக்கும்; ஆசிரியர் ஒதுங்கி அமர்வது முற்றத்தைத் தாண்டிய பின்கட்டில். இடையில் அத்தனை கனமான சுவர்கள். மோடம் இரண்டு அலைவரிசை தருமானால் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்கு மாறுங்கள், வேகம் குறைந்தாலும் சுவரைக் கடந்து வரும். இன்னும் நல்லது, நீளமான லேன் கேபிள் ஒன்றை வாங்கி மடிக்கணினிக்கே நேராக இழுத்துவிடுவது.

காலையில் சரியாக இருந்த மாணவர் மதியம் காணாமல் போகிறார்

இது சிக்னல் கோளாறு போலவே தோன்றும். பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். நம் மாணவர்களில் பலர் வைத்திருப்பது நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டம். நொடிக்கு 600 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரக் காணொளிக்கு 270 எம்பி. ஐந்து வகுப்புக்கு 1,350 எம்பி. ஒன்றரை ஜிபியில் மிஞ்சுவது வீட்டில் வேறு யாருக்கும் போதாது. தீர்ந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். மேலே சொன்ன கணக்கை நினைவுபடுத்திப் பாருங்கள்: அந்த வேகத்தில் வெறும் குரலே தட்டுத் தடுமாறித்தான் வரும். அதே ஐந்து வகுப்பையும் குரலாக மட்டும் நடத்தினால் 180 எம்பியில் முடிந்துவிடும்.

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா அட்டை கொடுத்தது. நல்ல காரியம். இப்போது அந்த உதவி இல்லை. ஆகவே துறைக் கூட்டத்தில் கால அட்டவணை போடும்போதே பேசி முடிவெடுங்கள்: ஒரு நாளில் நேரலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எஞ்சியதை ஒலிப்பதிவாகவும் பிடிஎஃப் ஆகவும் அனுப்பலாம். பேச்சுக்கு 32 கிலோபிட் தரமே தாராளம்; பத்து நிமிடப் பதிவு 2.4 எம்பிதான் வரும். கூடவே, வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்திவைக்கும் முறையை மாணவர்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுங்கள். காலை வணக்கப் படங்கள் தின்னும் டேட்டா கொஞ்சமில்லை.

இருபது நிமிடம் ஓடிவிட்டுக் கைபேசி முடங்குகிறது

சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் படம் உறைகிறதா? கைபேசியின் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சார்ஜ் ஏறிக்கொண்டே, காணொளியும் ஓடினால் அது கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்தாலே பாதி சரியாகும். பழைய கைபேசியானால் மற்றச் செயலிகளை மூடிவிட்டு உள்ளே வர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மாணவருக்கு ஒலிதான் வழி.

ஒரே இரைச்சல்

உங்கள் குரல் உங்களுக்கே எதிரொலித்தால் யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் கேட்டபடி மைக்கைத் திறந்து வைத்திருக்கிறார். எல்லா மைக்கையும் அடைத்து ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆள் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய இரைச்சல்கள் வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்க்காரர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அவர்கள் மொட்டை மாடியில் வந்து நிற்கும். சிக்னலுக்காக மாடி ஏறிய மாணவர் பேச வாயெடுத்தால் நமக்குக் கேட்பது காற்றின் உறுமல்தான். காற்றுக்கு முதுகு காட்டி அமரச் சொல்லுங்கள். ஹெட்போன் மைக்கின் மேல் மெல்லிய பருத்தித் துணியோ பஞ்சோ சுற்றினால் உறுமல் வெகுவாக அடங்கும். கோயில் கொடைத் திருவிழாவின்போது ஊரெங்கும் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். வில்லுப்பாட்டுக்கு நடுவே உயிர்வேதியியல் ஏறாது. எந்த ஊரில் எப்போது கொடை என்று பருவத் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துவைத்தால், அந்த நாட்களில் அவரைக் கேள்வி கேட்டுத் தவிக்கவிடாமல் இருக்கலாம்.

பெயர் இருக்கிறது, ஆள் இல்லை

அறுபது பெயர்கள் திரையில் இருக்கும். "புரிகிறதா?" என்று கேட்டால் ஒரு சத்தமும் வராது. ஆசிரியர்களை மனம் சோர வைப்பது இந்த அறிகுறிதான். உடனே "எல்லோரும் கேமராவைப் போடுங்கள்" என்று கட்டளையிடுவது பரவலான பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒற்றை அறை வீடு, பின்னால் படுத்திருக்கும் தாத்தா, கொடியில் காயும் துணி, இவற்றை அறுபது பேர் பார்க்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. டேட்டாவும் வீண்.

மௌனத்துக்குக் காரணம் ஒன்றல்ல. சிலருக்குக் கைபேசியே பகலில் கைக்கு வராது. அண்ணன் வேலைக்குக் கொண்டுபோயிருப்பார். சில பெண்பிள்ளைகளுக்குக் கைபேசி அப்பாவுடையது, அவர் பார்வையில்தான் பேச முடியும். சிலர் உண்மையாகவே பெயரை நுழைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் பலிக்காது.

ஆலங்குளம் பக்கத்து மாணவி ஒருவர் என்னிடம் கேட்டது நினைவில் நிற்கிறது. வீட்டில் அம்மாவுடன் பீடி சுற்றுகிறார். தட்டு மடியில் இருக்கும். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, கண்ணும் கையும் அதிலேயே இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கிறது. "பாடத்தைக் கேட்டால் புரியும்படி சொல்லுங்கள், சார். 'இங்கே பாருங்கள்' என்றால் நான் கையைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்" என்றார். அதன்பின் என் பதிவுகளில் "இங்கே", "இந்த வரி", "இது" என்பவற்றை நீக்கினேன். "பக்கம் 14, இரண்டாம் பத்தி, முதல் வரி" என்று சொல்லி அந்த வரியை வாசித்துக் காட்டுகிறேன். வரைபடமானால் அதில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்று வாயாலேயே சொல்கிறேன். இதனால் பயனடைந்தவர் அவர் மட்டுமல்லர்; படம் தெரியாத மெலிந்த இணைப்புக்காரர் அத்தனை பேருக்கும் வகுப்பு திறந்தது.

நேரலையில் "புரிகிறதா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடலாம். அதற்கு வரும் ஒரே விடை "புரிகிறது சார்". பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு சொல்லில் எழுதக்கூடிய ஒரு கேள்வி வையுங்கள். விடை அரட்டைப் பெட்டியிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களுக்கு மட்டும் வரட்டும். எல்லோர் முன்னும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் போனால் பேசாத பிள்ளைகள் எழுதுவார்கள். யார் தூங்குகிறார் என்பதும் தெரிந்துவிடும்.

வருகைப் பதிவை உள்ளே நுழைந்ததற்குக் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்கு அண்ணன் வீடு திரும்பியபின் பதிவைக் கேட்டு ஐந்து வரி எழுதி அனுப்பியவர், காலையில் பெயரை மட்டும் நுழைத்தவரைவிட நன்றாகவே வகுப்புக்கு வந்திருக்கிறார். இதற்குத் துறைத் தலைவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கைபேசி கிடைக்காத மாணவியானால் வீட்டுப் பெரியவரிடம் ஆசிரியரே ஒருமுறை பேசுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எதற்காக என்று தெளிவாகச் சொன்னால் பல வீடுகளில் வழி பிறக்கிறது.

அனுப்பிய பாடம் எழுத்து குலைந்து தெரிகிறது

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு உங்கள் கணினியில் அழகாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிறுக்கலாய்த் தெரியும். அவசரத்துக்குப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பலாம். நிலையான தீர்வு, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு பழைய குறிப்புகளை, எல்லாக் கருவியிலும் ஒரேபோல் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. பழைய எழுத்துரு பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரை வாசிப்பான் அதைச் சரியாகப் படிக்காது. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறாண்டைக் கடந்து நடக்கும் ஊர் பாளையங்கோட்டை. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை நம் குறிப்பைக் கேட்க முடியாமல் தவிப்பது நியாயமே அல்ல. அதே போல, ஒலிப்பதிவு அனுப்பும்போது அதன் சாரத்தை எழுத்திலும் அனுப்புங்கள். காது கேளாதவருக்கு அதுதான் வகுப்பு.

விடைத்தாள் ஏறவே மாட்டேன் என்கிறது

ஒரு பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தால் சாதாரணமாக 4 எம்பி. முப்பது பக்கத்துக்கு 120 எம்பி. நொடிக்கு ஒரு மெகாபிட் பதிவேற்றத்தில் இது ஏற 16 நிமிடம் ஆகும், அதுவும் இடையில் அறுபடாமல் இருந்தால். மாணவர் நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். கூகுள் டிரைவிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் பக்கத்துக்கு 200 கேபி அளவில் அடங்கும். முப்பது பக்கமும் 6 எம்பி, ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு வெற்றுப் பக்கத்தை ஸ்கேன் செய்து, பதிவு எண்ணைக் கோப்பின் பெயராக இட்டு, ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தைத் துல்லியமான வெட்டாக வைக்காமல் ஒரு மணி நேரம் சலுகை கொடுங்கள். எல்லோரும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஏற்றினால் நல்ல இணைப்பும் திணறும்.

எல்லாருடைய விடையும் ஒரே அச்சு

கேள்வியை மாற்றுங்கள். இணையத்தில் ஆயத்த விடை இருக்கும் கேள்விக்கு அந்த விடைதான் வரும். "பாசன முறைகளை விளக்குக" என்பதற்குப் பதில், "உங்கள் ஊர்க் குளத்துக்குத் தாமிரபரணியின் எந்த அணையிலிருந்து, எந்தக் கால்வாய் வழியாக நீர் வருகிறது? கடைசி மடைக்கு எப்போது வந்து சேர்கிறது? விவசாயி ஒருவரிடம் கேட்டு எழுதுக" என்று கேட்டுப் பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய். ஊருக்கு ஊர் விடை வேறு, நகலெடுக்க வழியில்லை. மானாவாரிப் பகுதியான சங்கரன்கோவில் பக்கத்து மாணவர் கிணற்றையும் மழைக்குளத்தையும் பற்றி எழுதட்டும். தாவரவியலுக்கு வேலியோரச் செடி, வணிகவியலுக்கு வாரச்சந்தை, தமிழுக்கு ஊர்க்கொடைப் பாட்டு. திருத்தும் வேலையும் அலுக்காது. நான் படித்து மகிழ்ந்த விடைத்தாள்கள் இப்படி வந்தவைதான்.

ஆய்வுக் கட்டுரை டாலர் கேட்கிறது

முதுகலை, ஆய்வு மாணவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. அரசு நிறுவனத்தில் படிப்பவர் நூலகரிடம் தன் உள்நுழைவைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டிலிருந்து நுழையும் வழியும் அவரிடமே கிடைக்கும். மற்றக் கல்லூரிகளில், மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, நூல்களுக்குக் கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம், தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டமும். நான்கும் இலவசம்.

பாடத்துக்கே துணை வேண்டுமானால் ஸ்வயம், ஐஐடிகளின் இணையப் பாடங்களான என்பிடெல். ஒரு பருவத்தில் ஒரு பட்டப்படிப்புக்கு நடத்தும் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்ததைக் கணக்கில் எடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021 விதிமுறையில் இடமளித்தது. உங்கள் பாடத்திட்டக் குழு எவ்வளவை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். டேட்டாவே இல்லாதவருக்கு ஸ்வயம் பிரபா தொலைக்காட்சி அலைவரிசைகள் இருக்கின்றன. டிடி ஃப்ரீ டிஷ் குடை போதும், மாதக் கட்டணம் இல்லை. நாளுக்கு நான்கு மணி நேரப் பாடம் அன்றே மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாவதால் காலையில் தவறியதை இரவில் பார்க்கலாம். இதைத் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கும் ஆசிரியர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

செய்முறை வகுப்பு

வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் பரிசோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம். ஆய்வகத்துக்கு வருமுன் படிநிலைகளை மனத்தில் பதிக்க அது உதவும். பியூரெட்டின் குழாயைத் துளித்துளியாகத் திறக்கும் கைப்பழக்கம் அதில் வராது. மாணவர்கள் கல்லூரிக்கு வரும் நாட்களை முழுக்கச் செய்முறைக்கே ஒதுக்குங்கள். கோட்பாட்டை வீட்டுக்கு அனுப்புங்கள்.

மின்சாரம் இல்லை

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. வகுப்பு அட்டவணை போடும்போது அந்தப் பக்கத்தையும் பாருங்கள். திடீரெனப் போகும் மின்சாரத்துக்கு, மோடத்துக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டவரும் இல்லை

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை மீறியது, ஊர்கள் துண்டாகின, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. அந்த நிலையில் எந்தச் செயலியும் உதவாது. ஐப்பசி பிறக்கும் முன்பே மூன்று வாரப் பாடத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளைக் கல்லூரி வைஃபையிலேயே கைபேசியில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரிகள் பாடங்களை இணையத்தில் வைக்கப் பயன்படுத்தும் மூடில் தளத்தின் செயலியில் பாடத்தை முழுதாக இறக்கி இணையம் இல்லாமலே படிக்க முடியும். ஊர்வாரியாக இரண்டு மாணவர்களின் எண்களும், அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரின் எண்ணும் துறை அலுவலகத்தில் காகிதத்தில் எழுதி இருக்கட்டும். தொடர்பு அறுந்த நாட்களில் விழும் எந்தக் கெடுவும் தானாகவே தள்ளிப்போகும் என்பதையும் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வெள்ளத்தில் சிக்கிய மாணவர், ஒப்படைப்புத் தேதி போய்விட்டதே என்று இடுப்பளவு நீரில் சிக்னல் தேடி நடக்கக் கூடாது.